கால் சுற்று

என் பேத்தியின் இடது மணிக்கட்டில் ஆறு வாரங்கள் மாவுக்கட்டு இருந்தது. அந்த ஆறு வாரங்களும் திண்டிவனத்திலிருக்கும் என் மகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பலகையை வாங்கிக் கொடுத்தவன் நான்தானே.

பதினோராம் பிறந்த நாளுக்குப் பேத்தி கேட்டது ஒரு ஸ்கேட்போர்டு. மாமல்லபுரத்துச் சிறுமி கமலி, கவுன் அணிந்து வெறுங்காலோடு சக்கரப் பலகையில் சரிவிலிருந்து இறங்கும் படத்தை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். கமலியைப் பற்றிய குறும்படம் 2020இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஜப்பானின் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி தங்கம் வென்றாள் என்பதும் பேத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானும் கடைக்குப் போய், பளபளவென்று வண்ணம் பூசியிருந்த ஒன்றை வாங்கி, வண்ணக் காகிதம் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்காம் நாள் மாலை தெருவில் அதன் முன்னச்சு முறிந்தது. பிள்ளை கையை ஊன்றி விழுந்தாள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் இரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவன் நான். விழுப்புரம் சந்திப்பில் வண்டி வந்து நின்றதும் பெட்டி பெட்டியாக நடந்து, அச்சுப்பெட்டியின்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பது எங்கள் வேலையில் ஒன்று. பெட்டியின் வண்ணத்தை நாங்கள் பார்த்ததில்லை. அச்சையும் சக்கரத்தையும்தான் பார்ப்போம். அப்படிப்பட்டவன் பேத்திக்கு வாங்கும்போது வண்ணத்தை மட்டும் பார்த்துவிட்டேன். இந்த வெட்கம்தான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

உடைந்த பலகையை விழுப்புரத்துக்கு எடுத்துவந்து திண்ணையில் வைத்துப் பிரித்தேன். அச்சைத் தாங்கும் பகுதி முழுவதும் பிளாஸ்டிக். சக்கரத்துக்குள் குண்டுகளே இல்லை. ஒரு பிளாஸ்டிக் குழாய் அச்சின்மேல் உராய்ந்தபடி சுழன்றிருக்கிறது. நல்ல பலகையில் இந்த அச்சுத் தொகுதி அலுமினிய வார்ப்பு. அதன் பெயர் ‘டிரக்’. இரயில் பெட்டியின் அடியில் இருக்கும் போகியையும் அமெரிக்கர்கள் ‘டிரக்’ என்றே சொல்வார்கள். பெயரைக் கேட்டதும் இது நம் தொழில் அல்லவா என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது.

இனி முழுப் பலகையாக வாங்குவதில்லை, ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்து நானே பூட்டுவது என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளை மறைமுகமாக உதவினார். பலகையும் டிரக்கும் சக்கரமும் பெங்களூரிலிருந்து கூரியரில் வந்தன. பலகை, மேப்பிள் மரத்தின் ஏழு மெல்லிய தகடுகளைப் பசையிட்டு அழுத்தியது. அகலம் ஏழரை அங்குலம். பெரியவர்களுக்கு எட்டும் அதற்கு மேலும் தேவைப்படும்; சிறு பாதத்துக்கு இது போதும். டிரக்கின் அச்சு, முனைக்கு முனை ஏறக்குறைய பலகையின் அகலமே இருக்க வேண்டும். குறைந்தால் பலகை கவிழப் பார்க்கும். மிகுந்தால் வெளியே நீட்டிக்கொண்டு காலில் இடிக்கும்.

சக்கரத்தில்தான் நெடுநேரம் யோசித்தேன். 1950களில் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பிள்ளைகள் உருளைக் காலணியின் சக்கரங்களைப் பலகையில் பொருத்தியபோது அவை இரும்பு. பிறகு களிமண் கலவையில் செய்தார்கள். வழியில் ஒரு கூழாங்கல் கிடந்தாலும் சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போய் விழுவான். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர் யூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகே இவ்விளையாட்டு பிழைத்தது. அந்த யூரித்தேனிலும் கடினம், மென்மை என்று பல அளவுகள் உண்டு. வழவழப்பான மைதானத்துக்கு 99 என்று குறிக்கப்பட்ட கடினச் சக்கரம் ஏற்றது. திண்டிவனத்துத் தெருவில் ஜல்லி பெயர்ந்த தாரின்மேல் அதை ஓட்டினால் பல்லெல்லாம் ஆடிப்போகும். ஆகவே 78 அளவுள்ள மென்மையான, 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரங்களை எடுத்தேன். பெரிய சக்கரம் திரும்பும்போது பலகையின் அடியில் உரசி வண்டியைச் சட்டென நிறுத்திவிடும் என்பதால், டிரக்குக்கும் பலகைக்கும் இடையே சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ரப்பர் அட்டைகளையும் வைத்தேன்.

பேரிங்கை மட்டும் விழுப்புரத்திலேயே வாங்கினேன். 608 என்ற எண்; உள் துளை 8, வெளி விட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீட்டர். சிறு மோட்டார்களிலும் துளையிடும் கருவிகளிலும் இருப்பது இதே பேரிங்தான். சக்கரத்துக்கு இரண்டாக எட்டு வேண்டும். உறையின்மேல் பெரிதாக அச்சிடும் ஏபெக் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. அது அளவுத் துல்லியத்தைச் சொல்லும் தரம். பிள்ளை குதித்து இறங்கும் அடியைப் பேரிங் தாங்குமா என்பதை அது சொல்லாது. நம் ஊர்ப் புழுதிக்கு இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதே நல்லது.

எட்டுப் பேரிங்கையும் உள்ளங்கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. வாசகர்களில் பலர் பேரிங் வண்டி ஓட்டியிருப்பீர்கள். லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட பேரிங்குகளைக் கெஞ்சி வாங்கி, பலகையின் அடியில் பூட்டி, கிரீச்சென்ற ஓசையோடு சரிவில் விடுவோமே, அது. என் மகனுக்கு நானே ஒன்று செய்து கொடுத்தேன். அப்போது அருகில் நின்ற மகள், “எனக்கு ஒரு தடவைப்பா” என்றாள். பெண்பிள்ளைக்கு எதற்கு, விழுந்து கையைக் காலை உடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று அதட்டி உள்ளே அனுப்பிவிட்டேன். அவளுக்கும் அப்போது பதினொன்றுதான் இருக்கும்.

மாவுக்கட்டைப் பிரித்த வாரம் பையைத் தூக்கிக்கொண்டு இரயிலேறினேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிலையங்கள் கடக்கக் கடக்க என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பையைப் பார்த்ததும் மகள் முகம் சிவந்தது.

“மறுபடியுமாப்பா? எனக்குப் பேரிங் வண்டி வேண்டாம்னு சொன்னீங்களே, அந்தப் பயம் இப்ப எங்க போச்சு?”

அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். “அன்னைக்கு நான் செஞ்சது தப்பும்மா” என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். சற்று நேரம் கழித்துக் காபி வந்தது.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து கூட்டம் கலைந்த பின், பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டுக் கோயிலின் பக்கத்து முற்றத்தில் பலகையை இறக்கினோம். வழவழப்பான சிமெண்டுத் தரை. பேத்திக்குத் தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் உறை எல்லாம் மாட்டியாயிற்று. விழும்போது எல்லாரும் கையைத்தான் ஊன்றுகிறார்கள்; அதனால் மணிக்கட்டுக் காப்பைத் தலைக்கவசத்துக்கு அடுத்தபடியாகச் சொல்வேன்.

டிரக்கின் நடுவே கிங்பின் என்றொரு போல்ட் நிற்கிறது. அதைச் சுற்றி ரப்பர் போன்ற இரண்டு வளையங்கள். எங்கள் தொழிலில் புஷ் என்போம். பலகையின் ஓர் ஓரத்தை மிதித்தால் வளையம் நசுங்கி முன்னச்சு ஒரு பக்கமும் பின்னச்சு எதிர்ப்பக்கமும் திரும்ப, பலகை வளைந்து செல்கிறது. டிரக்கோடு வந்த வளையங்கள் பெரியவர்களின் எடைக்கானவை. இருபத்தெட்டுக் கிலோப் பிள்ளை மிதித்தால் நசுங்காது. அதனால் மென்மையானவற்றை வரவழைத்து மாற்றியிருந்தேன். எல்லாவற்றையும் பிடித்து வைப்பது மேலேயுள்ள ஒரு நட்டு.

“நல்லா முறுக்கிடுங்கப்பா. ஆடவே கூடாது” என்றாள் மகள்.

அவள் சொன்னபடியே முறுக்கினேன். பேத்தி ஏறி நின்று ஒரு காலால் உந்தினாள். பலகை நேர்கோட்டில் போயிற்று. மதில் நெருங்கியது. இடப்பக்கம் எவ்வளவு சாய்ந்தும் அது திரும்பவில்லை. பிள்ளை பதறி இறங்கினாள். பலகை மதிலில் மோதி நின்றது.

ஸ்பானரை எடுத்துக் கால் சுற்றுத் தளர்த்தினேன். கொஞ்சம் திரும்பியது. இன்னொரு கால் சுற்று. இப்போது ஒரு பெரிய வளைவாக முற்றத்தைச் சுற்றி வந்தாள். மூன்றாவது கால் சுற்றில் பலகை காலுக்கடியில் நடுங்கியது. அவள் தடுமாறி உட்கார்ந்துவிட்டாள், காப்பு சிமெண்டில் உரசிய ஒலி கேட்டது. மகள் ஓடினாள். அதற்குள் பேத்தி எழுந்து, “கொஞ்சம் டைட் பண்ணுங்க தாத்தா, ரொம்ப இல்ல” என்றாள். கடைசிக் கால் சுற்றைத் திருப்பி வைத்தேன்.

மாலை வண்டிக்கு நேரமாயிற்று. இந்த வளையங்கள் பழகப் பழக இளகும். வாரம் ஒருமுறையாவது நட்டைப் பார்க்க வேண்டும். பதினாறில் ஒன்பது அங்குல ஸ்பானர், பணிக்கால முழுதும் என் பையிலிருந்தது. அதை மகளிடம் நீட்டினேன்.

“எந்தப் பக்கம் திருப்பினா இறுகும்?” என்று கேட்டாள். காட்டினேன். அவளே ஒருமுறை செய்து பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, பலகையின்மேல் ஒரு காலை வைத்தாள்.