அண்டை அலைவரிசையின் உரிமை



நம் வீட்டுக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத குடித்தனங்கள் பல உள்ளன. கைப்பேசி ஓர் அலைவரிசையில் இயங்குகிறது, வைஃபை வேறொன்றில். தொலைந்த பொருளின் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் அல்ட்ரா வைடுபேண்ட் என்னும் மிகை அகலப்பட்டைத் தொழில்நுட்பமும் இன்று அவற்றோடு குடியேறியுள்ளது. அதற்கான சிறிய ஆன்டெனாக்களை வடிவமைப்பதே எங்கள் ஆய்வகத்தின் பணி.

இத்தொழில்நுட்பத்துக்கு 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2002இல் திறந்துவிட்டது. ஆனால் அது காலி மனை அன்று. அதன் நடுவே, 5.15 முதல் 5.825 வரையிலான பகுதியில் வைஃபை கருவிகள் இயங்குகின்றன. ஆகவே, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 74 நானோவாட்டுக்கு மேல் வெளிவிடலாகாது என வரம்பும் விதிக்கப்பட்டது.

எங்கள் மாணவர் ஒருவரின் ஆன்டெனா, முழுப் பரப்பிலும் நன்றாகவே இயங்கியது. ஆய்வேட்டை ஒப்படைக்கச் சில நாள்களே இருந்தன. வைஃபை பகுதியை அது விலக்க வேண்டும் என்றோம். “வரம்புக்குள்தானே இருக்கிறோம், ஏன் விலக்க வேண்டும்?” என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆயினும், சட்டம் அனுமதித்த அளவு ஒலிதான் என்று சொல்லிக்கொண்டு, நோயாளி உறங்கும் வீட்டுச் சுவரோரம் வானொலியை வைப்போமா? சட்டத்தின் வரம்பு எல்லோருக்கும் பொது; அண்டை வீட்டாரின் உரிமையோ அருகில் இருப்பவர் மீது கூடுதலாகச் சுமத்தப்பட்டது. ஒரே மேசையில், ஒரே கருவிக்குள் இரண்டு ஆன்டெனாக்கள் அமையும்போது இதுவே நிலை.

தனி வடிகட்டி பொருத்தினால் கருவி பெரிதாகும். எனவே செம்புத் தகட்டிலேயே ‘ப’ வடிவில் மெல்லிய பிளவு ஒன்றை வெட்டினார். அதன் நீளம், விலக்க வேண்டிய அலையின் பாதி நீளமளவு இருக்க வேண்டும். சாதாரண எஃப்ஆர்4 பலகையில் 5.5 கிகாஹெர்ட்ஸுக்கு அது கணக்குப்படி சுமார் 16.6 மி.மீ. அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் பிளவின் இரு விளிம்புகளிலும் எதிரெதிர்த் திசையில் திரண்டு, கதிர்வீச்சைத் தானே அழித்துக்கொள்கிறது. பிளவை நீட்டினால் விலக்கும் அதிர்வெண் இறங்கும், குறுக்கினால் ஏறும். விலக்கும் பகுதி அளவுக்கு மீறி அகன்றால், பயனுள்ள அலைகளும் பறிபோகும். அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் அவருக்குப் பல இரவுகள் பிடித்தன.

ஆன்டெனாவின் இயல்பு ஒன்று உண்டு: எந்த அலையை வெளியே விடாதோ, அதை உள்ளேயும் வாங்காது. வைஃபையின் வலுவான அலைகள் தன் மெல்லிய சமிக்ஞையை மூழ்கடிக்காமல் அந்தப் பிளவே அவருடைய ஆன்டெனாவையும் காத்தது. அண்டையாருக்கென விட்டுக்கொடுத்த இடம், அவருக்கே அரணாயிற்று.

எங்கும் பரவும் வல்லமை பெற்ற ஒன்று, எங்கே ஒதுங்க வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஆய்வேடு உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ்.