அடித் தகடு

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை, நல்ல மழையில் வீடு திரும்பிக் கொண்டிருந்தோம். மோட்டார் வண்டியின் முன் ஆசனத்தில் நமக்கு இடப்புறம் வீற்றிருந்த நம் அன்னையார், "ஏம்பா, வண்டிக்குள்ள வாய்க்கால் ஓடுதே!" என்றார்கள். எண்பத்து மூன்று வயதானவர்களுக்குப் பாதத்தில் ஈரம் படுவது போன்ற பிரமை உண்டாவது சகஜந்தான் என்று எண்ணி, நாம் ஏதோ சமாதானம் சொல்லி வைத்தோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோதுதான் பிரமை யாருக்கு என்பது விளங்கிற்று. விரிப்பின் கீழே ஊறிப்போன கம்பளி மெத்தை. அதன் கீழே, இரும்புத் தகடு இருக்க வேண்டிய இடத்தில், அடி அண்ணாமலை வீதியின் செந்நீர் சுழித்து ஓடிக் கொண்டிருந்தது. அன்னையாரின் பாதத்தை அதுவரை தாங்கி நின்றது வெறும் விரிப்புத்தான் என்பதை நினைத்தபோது நமக்கு உடம்பு நடுங்கியது.

வண்டி 1968-ஆம் வருஷத்து அம்பாஸிடர். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பிறந்தது. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாவது வரிசையைத் தழுவி 1957-இல் தொடங்கிய அந்த உற்பத்தி 2014-ஆம் வருஷம் மே மாதத்தில் நின்று போயிற்று. தந்தையார் முன்பணம் கட்டி, நெடுநாள் காத்திருந்து வாங்கிய வண்டி அது. அவர் உயிரோடிருந்த வரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைக்கும் அதிகாரத்தைக்கூட நமக்குக் கொடுத்ததில்லை. அவ்வளவு ஒழுங்காகப் பேணப்பட்ட வண்டிக்கு அடிவயிற்றில் இப்படி ஓர் ஓட்டை ஏற்பட்டது எவ்வாறு?

மறுநாளே யோசனை சொல்ல நண்பர்கள் கூடிவிட்டார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடும்படி ஒருவர் சொன்னார். இன்னொருவர், துத்தநாகம் பூசிய கூரைத் தகட்டை வெட்டி வைத்துப் பற்றவைத்தால் ஆயுசுக்கும் துருப்பிடிக்காது என்றார். மூன்றாமவர் சட்டம் தெரிந்தவர். 2021-ஆம் வருஷம் ஜூலையில் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது வயது கடந்து, பெரிய மாறுதல் எதுவும் இல்லாமல் பூர்வ உருவத்திலேயே இருக்கும் வண்டிக்குப் 'பழம்பெரும் வண்டி' என்ற அந்தஸ்தும், 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி எண்ணும் கிடைக்கும். ஆகையால் யோசித்துக் கை வைக்க வேண்டும் என்று எச்சரித்தார். அப்படி அந்தஸ்துப் பெற்ற வண்டியை அன்றாடக் காரியங்களுக்கு ஓட்டக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அன்னையாரை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அழைத்துச் செல்ல உதவாத அந்தஸ்து நமக்கு எதற்கு?

அன்னையாருக்கோ ஒரே கவலை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தை நடந்தே முடித்துக் கொண்டிருந்தவர்கள், முழங்கால் மறுத்த பிறகு, வருஷத்துக்கு ஒரு தடவையாவது வண்டியில் மலையைச் சுற்றி வருவதென்று வைத்துக் கொண்டிருக்கிறார்கள். பௌர்ணமியிலும் தீபத்தின்போதும் அந்தப் பாதையில் மோட்டார்களுக்கு இடமில்லை. "கொடி ஏர்றதுக்குள்ள வண்டி வந்துடுமா?" என்பதுதான் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி.

செங்கம் சாலைப் பக்கம் ஒரு கொட்டகையில் டிங்கர் வேலை செய்யும் முதிய மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவர் குனிந்து, சுத்தியலின் பின்புறத்தால் அடிப்பாகம் முழுவதும் தட்டிக் கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டங்' என்றும், கெட்ட இடத்தில் 'தொப்' என்றும் ஓசை எழுந்தது. முடிவில், "நாலு ஜாண் தகடு போயிடுச்சுங்க ஐயா. கதவுக்குக் கீழ இருக்கிற பெட்டி நல்லா இருக்கு, அதனால வண்டி பொழச்சுக்கும்" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை நேயர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். லாரிக்கும் ஜீப்புக்கும் கீழே தனியாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. உடல் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அம்பாஸிடருக்கு அப்படி முழுநீளச் சட்டம் கிடையாது. தரைத் தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்துதான் வண்டிக்கு வலிமை. எனவே தரை என்பது கால் வைக்கும் பலகை மாத்திரமல்ல. முதுகெலும்பில் ஒரு பங்கு. வெட்டி எடுக்கும்போது வண்டியைக் கண்ட இடத்தில் முட்டுக் கொடுத்தால் உடல் தொய்ந்து, பிறகு கதவு மூடாது. மேஸ்திரி அச்சுகளின் அருகே நான்கு முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னும் பின்னும் கதவைத் திறந்து மூடிப் பார்த்துக் கொண்டார். மின்கலத்தை இறக்கியதும், எண்ணெய்க் குழாய்களை ஒதுக்கிக் கட்டியதும், ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்ததும் சொல்லாமலே நடந்தன. கூரைத் தகடு யோசனையைச் சொன்னபோது மட்டும் அவர் சிரித்தார். துத்தநாகம் எரிந்து எழும் வெண்புகையைச் சுவாசித்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தவராம்.

பழைய மெத்தையை உரித்து எடுத்தபோது ஐந்து பைசா நாணயம் ஒன்றும், ஒரு கொண்டை ஊசியும், விபூதிப் பொட்டலமும் அகப்பட்டன. அவற்றின் அடியில், கெட்டியாகத் தார் பூசிய நிலையில், வட்டமான ஒரு பொருள். மேஸ்திரி உளியால் நெம்பி எடுத்து மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார். ஒரு பிஸ்கோத்து டப்பாவின் மூடி! சுற்றிலும் ஆணி அடித்து, தார் ஊற்றி, மேலே விரிப்பைப் போட்டு மூடியிருந்தது. அந்த மூடிக்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றி வருஷக் கணக்காகத் தங்கி, கையகலத் துருவை நாலு ஜாணாக வளர்த்துவிட்டது.

ஞாயிறுதோறும் வண்டியைக் கண்ணாடி போல் துடைத்து வைத்திருந்த மனிதரா இப்படிச் செய்தார்? மூடியை வீட்டுக்கு எடுத்துச் சென்று அன்னையாரிடம் காட்டினோம். அவர்கள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "நான்தான் குடுத்தேன். நீ காலேஜ் சேர்ந்த வருஷம். பையன் கிட்ட சொல்லாதேன்னாரு" என்று சொல்லிவிட்டு, அதை அலமாரியில் வைத்துக் கொண்டார்கள்.

புதுத் தகடு வாங்குவதற்காகச் சென்னைப் புதுப்பேட்டைக்கும் போய்ப் பார்த்தோம். அங்கே கிடைத்த தரை, நம் வண்டியின் வயதை ஒத்த வேறொரு வண்டியிலிருந்து அறுத்தெடுத்தது. அதற்கும் அதே வியாதி. ஆகவே மேஸ்திரி பதினெட்டு கேஜ் தகட்டில், அதாவது ஏறக்குறைய 1.2 மில்லி மீட்டர் கனத்தில், தாமே புதிதாகச் செய்தார். பழைய தரையில் நீளவாட்டில் புடைத்த வரிகள் இருந்தன அல்லவா? அவற்றை அழகுக்காக வைத்தது என்றே நாம் இத்தனை நாள் எண்ணியிருந்தோம். வரியில்லாத தகடு, டப்பா மூடியை அழுத்தினால் உள்ளே போய் வெளியே வருவது போல, ஓட்டத்தில் 'டொக் டொக்'கென்று அடித்துக் கொள்ளுமாம். மரக்கட்டையில் பள்ளம் செதுக்கி, அதன் மேல் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி அந்த வரிகளை அவர் எழுப்பினார்.

பற்றவைக்கும்போதும் ஓர் ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை ஒரே மூச்சாய்ப் போகவில்லை. இங்கே ஒரு புள்ளி, ஒரு முழம் தள்ளி ஒரு புள்ளி, பிறகு எதிர்ப்புறம் ஒன்று. ஒரே இடத்தில் சூடு சேர்ந்தால் தகடு நெளிந்துவிடும். இரண்டு நாளில் புள்ளிகள் கூடி ஒரு கோடாயின. பார்வைக்கு அது கரடுமுரடாக, முறுக்குப் பிழிந்து வைத்தது போல இருந்தது.

இந்த இடத்தில் நாம் செய்த காரியத்தை ஒப்புக் கொண்டுதான் ஆக வேண்டும். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்த வேளையில், அந்த முறுக்கைப் பார்க்கச் சகிக்காமல், மின்சாரச் சாணைக் கருவியை நாமே கையில் எடுத்தோம். தீப்பொறி பறக்க, அரை மணி நேரத்தில் தகடும் இணைப்பும் ஒன்றாய் வெள்ளி போல மின்னின. தடவிப் பார்த்தால் இணைப்பு இருக்கும் இடமே தெரியவில்லை. மனத்துக்குள் மிகுந்த கர்வம்.

மேஸ்திரி வந்தார், பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. எரியும் விளக்கு ஒன்றை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தினார். இருட்டில், நாம் மெருகேற்றிய கோடு நெடுகிலும் நட்சத்திரங்கள் முளைத்தன!

"எண்ணுங்க ஐயா" என்றார்.

பதினொன்று எண்ணினோம்.

"வழவழப்பு வந்துடுச்சு. தகடு போயிடுச்சு."

தேய்த்தது இணைப்பை மட்டுமல்ல, இருபுறமும் இருந்த புதுத் தகட்டையுந்தான். சில இடங்களில் காகிதக் கனமே மிஞ்சியிருந்தது. சூட்டில் நீலம் பாரித்தும் கிடந்தது. பட்டி என்று அவர்கள் சொல்லும் பசையை அப்பித் தேய்த்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நாம் மெள்ளக் கேட்டோம். கதவிலோ மட்கார்டிலோ மெல்லிதாகப் பட்டி பார்க்கலாமாம். தரை மிதிபடுவதும் அசைவதுமான இடமாதலால் விரிசல் கண்டு, அந்த விரிசலில் தண்ணீர் தங்குமாம். அலமாரியில் இருந்த மூடி நம் நினைவுக்கு வந்தது. மேற்கொண்டு பேசவில்லை. கெட்ட ஓரத்தை வெட்டியெறிந்து மறுபடியும் பற்றவைப்பதில் இரண்டு நாள் கூடுதலாகப் போயிற்று. அதற்குரிய கூலியைக் கொடுத்தது நியாயமே.

இரண்டாம் முறை அவர் செய்ததை உடனிருந்து கவனித்தோம். இணைப்பின் மேடு தகட்டைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை இருக்கும்போதே சாணையை நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கை அரத்தால் எடுத்தார். நெளிந்த இடத்துக்குக் கீழே கைக்கடங்கும் இரும்புக் கட்டையைப் பிடித்துக் கொண்டு மேலே மெதுவாகத் தட்டினார். அப்படியும் அடங்காத புடைப்பு ஒன்றை நாலணா அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியை ஒற்றினார்; அது சுருங்கி உட்கார்ந்தது. பிறகு தோள் துண்டைத் தகட்டின் மேல் விரித்து, அதன் மீது உள்ளங்கையை வைத்துத் தடவச் சொன்னார். வெறுங்கைக்குப் பிடிபடாத மேடு பள்ளம் துணியினூடே எப்படித் தெரிகிறது என்பது ஆச்சரியந்தான். சிற்சில இடங்களில் கோடு கையில் தட்டுப்பட்டது. "அது இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

உப்புத்தாள், செங்காவி நிறத் துருத்தடுப்புப் பூச்சு, இணைப்புகளின் மேல் ரப்பர் போன்ற அடைப்புப் பசை, இரண்டு கை வர்ணம் எல்லாம் மேற்புறத்துக்கு ஆயின. அதன்பின் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கொண்டு, அதே வேலையை அங்கேயும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டோம். "தண்ணி பாக்கும்ங்க" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கையில் வண்டி வீட்டுக்கு வந்தது. விரிப்பு இன்னும் தைத்து வரவில்லை. பழைய தினசரித் தாள்களைத் தரையில் பரப்பினோம். அன்னையார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தாளை ஒதுக்கி, வெறுங்காலைத் தகட்டில் ஊன்றிப் பார்த்த பின்னரே அமர்ந்தார்கள். வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசானிய லிங்கம் என்று ஒவ்வோரிடத்திலும் நிறுத்திக் கைகூப்பினார்கள். மலை வலப்புறம் வருவதால், நம் தலை மறைக்கிறது என்று வழி நெடுகக் குறைப்பட்டுக் கொண்டார்கள். நாம் ஆசனத்தில் ஏறக்குறையப் படுத்துக் கொண்டே ஓட்டினோம். யம லிங்கம் தாண்டியதும் மழை பிடித்துக் கொண்டது. வருண லிங்கம் வரையில் சக்கரங்களின் கீழே தண்ணீர் அறைந்து கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எல்லாம் காய்ந்தே இருந்தன. இடது மூலையில் கிடந்த ஒரு தாளில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். அன்னையாரைப் பார்த்தோம்.

"கூஜாத் தண்ணி சிந்திட்டுது" என்றார்கள்.

கூஜாவின் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை மேஸ்திரியிடம் போக வேண்டும்.