ஒரே ஒரு ஸ்க்ரூ... ஊர் ஊராகத் தேடல்! அமெரிக்காவின் ‘ஹார்டுவேர் சிட்டி’யும் பிரிம்ஃபீல்டு சந்தையும்

தாத்தா விட்டுச்சென்ற இரும்பு இழைப்புளி. துருவைத் தேய்த்தாயிற்று, பிளேடைச் சாணை பிடித்தாயிற்று. பின் கைப்பிடியை இறுக்கும் நீள ஸ்க்ரூவைத்தான் காணோம். ‘இதென்ன பிரமாதம், கடையில் கிடைக்காததா?’ என்று கிளம்பும் அமெரிக்கர்கள் பலரும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார்கள்.

இந்த இழைப்புளியின் பிறந்த வீடு நியூ பிரிட்டன். கனெக்டிகட் மாநிலத் தலைநகர் ஹார்ட்ஃபோர்டிலிருந்து சுமார் 15 கி.மீ. பூட்டு, கீல், அளவுகோல் என்று செய்து குவித்ததால் ‘ஹார்டுவேர் சிட்டி’ என்றே பட்டப்பெயர். தொழிற்சாலை வேலைக்கு வந்த போலந்துக்காரர்கள் குடியேறிய பிராட் ஸ்ட்ரீட் பகுதி, இன்றும் ‘லிட்டில் போலந்து’தான். லெனார்டு பெய்லி என்பவர் வடிவமைத்த இழைப்புளிகளைத் தயாரிக்கும் உரிமையை, இவ்வூரின் ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் நிறுவனம் 1869-ல் வாங்கியது. பிறகு உலகமெங்கும் தச்சர்கள் கையில் ஸ்டான்லிதான்.

சிக்கல் மரையில் இருக்கிறது. கைப்பிடி ஸ்க்ரூ 12-ம் நம்பர். கடையில் கேட்டால் அங்குலத்துக்கு 24 மரை உள்ளதைத் தருவார்கள்; ஸ்டான்லிக்கு வேண்டியது 20. பிளேடை அழுத்திப் பிடிக்கும் மூடியின் ஸ்க்ரூ இன்னும் மோசம்: 9/32 அங்குலம். கடையில் கால் அங்குலம் இருக்கும், அடுத்தது 5/16. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இந்த அளவைக் கேட்டால், கடைக்காரர் நம்மையே ‘மரை கழன்ற கேஸ்’ என்பதுபோலப் பார்ப்பார்!

‘கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு’ என்று ஸ்பேனர் போட்டு முறுக்கினால் போச்சு. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உள்மரை உதிர்ந்துவிடும். நூறு வருஷம் உழைத்த கருவி, ஒரு முறுக்கில் காலி.

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பிரிம்ஃபீல்டுக்கு வண்டியை விடுகிறார்கள். பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில் இருக்கும் சின்ன ஊர். 1959 முதல் நடக்கும் பழம்பொருள் சந்தை, மே, ஜூலை, செப்டம்பர் என்று வருஷத்துக்கு மூன்று முறை கூடுகிறது. 20-ம் எண் நெடுஞ்சாலையின் இருபுறமும் வயல்வெளிகளில் கூடாரங்கள். வெள்ளிச் சாமான், பீங்கான், பழைய நாற்காலிகளையெல்லாம் தாண்டிப் போனால் துருப்பிடித்த கருவிகள்.

அங்கே தேட வேண்டியது தனி ஸ்க்ரூவை அல்ல. அடிப்பாகம் விரிசல் விட்ட இழைப்புளியை! இழைக்க உதவாது என்பதால் மலிவாகக் கிடைக்கும். ஆனால், அதன் ஸ்க்ரூக்கள் நன்றாக இருக்கும். உறுப்பு தானம் மாதிரிதான். நம் இழைப்புளியைக் கையோடு கொண்டுபோய், வெறும் விரலால் ஸ்க்ரூவைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கடைசிவரை சுலபமாக இறங்கினால் மட்டுமே பணத்தை எடுக்கலாம்.

கழற்றும்போது ஒன்றில் உஷார். பிளேடை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரம் பெரும்பாலும் இடது மரை. வழக்கம்போல இடப்பக்கம் சுற்றினால் கழலாது, இறுகும்.