எங்களுக்கும் ஒரு பழைய ஞாபகம் உண்டு

'ரோட் ராஷ்' விளையாட்டைப் புதிதாகச் செய்து கொடுங்கள் என்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்திடம் பல ஆண்டுகளாக ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவிலும் அப்படிக் கேட்பவர்களுக்குக் குறைவில்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பையன்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஓசூரிலிருந்து நாங்களும் கேட்கிறோம். இதைக் கேள்விப்பட்ட இளம் தோழர்கள் சிலர், "அண்ணே, நிலம், வேலை, வன்கொடுமை வழக்கு என்று ஆயிரம் கிடக்கிறது. வீடியோ கேமுக்கு ஒரு கோரிக்கையா?" என்றார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

விளையாடாதவர்களுக்காக முதலில் ஒரு சிறு அறிமுகம். ரோட் ராஷ் 1991-இல் சேகா நிறுவனத்தின் விளையாட்டுக் கருவியில் வெளிவந்தது. நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது 1996-இல் வந்த விண்டோஸ் பதிப்பு. கலிஃபோர்னியாவின் சாலைகளில் பைக் ரேஸ். ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருகிறவனைக் குத்தலாம், உதைக்கலாம். அவன் தடியை ஓங்கினால், சரியான நொடியில் அதை அவன் கையிலிருந்தே பிடுங்கலாம். போலீஸ் பிடித்தால் அபராதம். வண்டி நொறுங்கினால் ரிப்பேர் செலவு. கட்டக் காசில்லையென்றால் ஆட்டம் முடிந்தது. ஆனால் கீழே விழுந்தால் சாவு கிடையாது. தூக்கியெறியப்பட்டவன் எழுந்து தன் பைக்கை நோக்கி ஓடுவான். ஏறிக்கொண்டு மறுபடி கிளம்புவான். இந்த வரிசை இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளோடு நின்றுபோனது.

ஓசூருக்கு இந்த விளையாட்டு பொருந்திப்போனதில் வியப்பில்லை. இது வண்டி செய்கிற ஊர். 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்துதான் வெளியே போனது. சிப்காட்டைச் சுற்றி வண்டிப் பாகம் கடையும் சிறு பட்டறைகள் ஏராளம். ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். ஒரே டீக்கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கேட்கும். அந்த ஆண்டுகளில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன. நாங்கள் போன இடத்தில் மணிக்கு 20 ரூபாய். காலனியிலிருந்து நான்கு பேர் போவோம், ஆளுக்கு 5 ரூபாய் போடுவோம். ஒருவர் விழும்வரை ஆடுவார். விழுந்ததும் நாற்காலி கைமாறும். எங்கள் அப்பாக்களும் சித்தப்பாக்களும் வண்டிப் பாகங்களைக் கடைந்துகொண்டிருந்த ஊரில், வண்டியை நாங்கள் முதன்முதலில் ஓட்டியது திரையில்தான்.

அந்த ஒரு மணி நேரத்தில் எங்களுக்குக் கிடைத்தது வெறும் பொழுதுபோக்கு என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்தச் சாலையில் ஓட்டுபவனிடம் யாரும் "எந்தத் தெரு?" என்று கேட்பதில்லை. "யார் வீட்டுப் பையன்?" என்று நிறுத்துவதில்லை. அடி விழும், ஆனால் எல்லோருக்கும் விழும். திருப்பி அடிக்கவும் முடியும். வெளியே அப்படியில்லை. ஊர்த்தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன தாத்தாக்களின் பேரன்கள் நாங்கள். அது பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சமீபத்திய செய்தியை நினைவூட்டுகிறோம். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்க முடியாமல் ஆதிக்கச் சாதியினர் செய்த வேலை இது என்று குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள். ஒரு பைக்கில் உட்கார்ந்து தன் ஊர்ச் சாலையில் போவது இன்றைக்கும் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தக் கைகள் சொல்லும்.

இங்கேதான் 'பழைய ஞாபகம்' என்பது நமக்கு அரசியலாகிறது. தமிழில் ஏக்கத்தோடு எழுதப்பட்டவற்றை எடுத்துப் பாருங்கள். பாட்டி வீட்டு முற்றம், ஊர்க் கிணறு, கோயில் திருவிழா, தேர் வடம், ஏரிக்கரை, பெரிய வீட்டுத் திண்ணை. படிக்க அழகாகத்தான் இருக்கும். அந்த முற்றத்தில் நம்மை ஏற்றியதில்லை. அந்தக் கிணற்றில் நாம் இறைத்ததில்லை. அந்தத் தேர் நம் தெருவுக்கு வந்ததில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்புச் சட்ட வரைவை முன்வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைக் கொண்டாடியவர்களைக் கடுமையாக மறுத்தார். வரைவு கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். "அந்தக் காலம் எப்படி இருந்தது தெரியுமா!" என்று யாராவது தொடங்கினால் நம் வீட்டுப் பெரியவர்கள் பேசாமல் எழுந்து போவதற்கும் அதுவே காரணம். அந்தக் காலம் எப்படி இருந்தது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆக, திரும்பி வர வேண்டும் என்று நாம் ஆசைப்படத்தக்க பழைய பொருள்கள் மிகக் குறைவு. எங்கள் தலைமுறைக்கு அதில் ஒன்று ரோட் ராஷ். காசு கொடுத்தால் கிடைத்தது, சாதி கேட்கவில்லை. ஊர்த்தெருப் பையனும் காலனிப் பையனும் ஒரே நாற்காலிக்காகக் காத்திருந்தார்கள். அந்த நாற்காலி எல்லோருக்கும் திறந்திருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. எங்கள் அக்கா தங்கைகள் அதில் உட்கார்ந்ததே இல்லை. 5 ரூபாய் இல்லாதவன் பின்னால் நின்று பார்த்தான். ஆகவே அந்தக் காலம் அப்படியே வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த விளையாட்டு வேண்டும், இந்த முறை எல்லோருக்கும் வேண்டும் என்கிறோம். மீளுருவாக்கம் என்ற சொல்லுக்கு நாங்கள் எடுத்துக்கொள்ளும் பொருள் இதுதான்.

கேட்டால் நடக்குமா? நடந்திருக்கிறது. 'ஃபைனல் ஃபேன்டசி 7' 1997-இல் வந்த ஜப்பானிய விளையாட்டு. 2005-இல் புதிய கருவியின் திறனைக் காட்டுவதற்காக அதன் தொடக்கக் காட்சியை ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் புதிய வடிவில் செய்து காட்டியது. விளையாட்டாக வெளியிடும் திட்டம் அப்போது இல்லை. ரசிகர்கள் விடவில்லை. பத்து ஆண்டுகள் கேட்டார்கள். 2015-இல் அறிவிப்பு வந்தது, 2020 ஏப்ரலில் முதல் பகுதி வந்தது. ரோட் ராஷ் விஷயத்திலேயே, காத்திருந்து சலித்தவர்கள் வேறு வழி பார்த்தார்கள். 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் திரட்டி, அதே பாணியில் 'ரோட் ரிடெம்ப்ஷன்' என்ற விளையாட்டை ஒரு சிறு குழு உருவாக்கியது. 2017-இல் அது முழுமையாக வெளிவந்தது.

கேட்டது கிடைத்தும் ஏமாந்த கதையும் உண்டு. 'வைஸ் சிட்டி'யும் 'சான் ஆண்ட்ரியாஸ்'ஸும் நம் பிரௌசிங் சென்டர்களின் அடுத்த தலைமுறை நாயகர்கள். 2021 நவம்பரில் ராக்ஸ்டார் நிறுவனம் அவற்றைப் புதுப்பித்து வெளியிட்டது. முகங்கள் பொம்மைபோல் இருந்தன, மழை கண்ணை மறைத்தது, பிழைகள் மலிந்திருந்தன. அதைவிட மோசம், புதியதை விற்பதற்காகப் பழைய பதிப்புகளை இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். ஒரு வாரத்தில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, கணினிக்கான பழைய பதிப்புகளைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. நமக்கு இதில் பாடம் இருக்கிறது. புதியதைக் கொடுக்கிறேன் என்று சொல்பவர் பழையதை என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். மாற்று இடம் தருகிறோம் என்று சொல்லி இருந்த இடத்தை முதலில் காலி செய்யச் சொல்லும் கதை நம் மக்களுக்குப் புதிதில்லையே.

வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதிலிருந்து எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், விற்ற விளையாட்டை ஆட முடியாதபடி அழிக்கக் கூடாது என்று சட்டம் கேட்டு, 2025 ஜூலையில் ஐரோப்பாவில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது.

தோழர்கள் இந்த ரசிகர்களிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் "நல்ல விளையாட்டு வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பதில்லை. எந்தப் பாட்டு இருக்க வேண்டும், வண்டி எப்படித் திரும்ப வேண்டும், எந்தக் கருவியில் ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள். யாரால் செய்ய முடியுமோ அவரிடம் கேட்கிறார்கள். பதில் வராவிட்டால் அடுத்த ஆண்டும் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு நாம் கொண்டுபோகும் மனுக்களை நினைத்துப் பாருங்கள். "சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். சர்வே எண் என்ன, எத்தனை அடி அகலம், யார் மறித்திருக்கிறார்கள், கடைசியாக எந்தத் தேதியில் மனு கொடுத்தோம் என்று எழுதினால் அந்த மனுவை ஒதுக்கித் தள்ளுவது கடினம். ரசிகர்களுக்கு நிறுவனம் எதையும் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நமக்குச் சட்டமே கடன்பட்டிருக்கிறது. ஆசையைக் கேட்பவர் இத்தனை விடாப்பிடியாகக் கேட்கும்போது, உரிமையைக் கேட்கும் நாம் ஒரே மனுவோடு ஓய்வதா?

எங்கள் கோரிக்கையையும் அப்படியே எழுதியிருக்கிறோம். புதிய ரோட் ராஷ் விலை உயர்ந்த கருவியில் மட்டும் ஓடக் கூடாது, விலை மலிந்த போனிலும் ஓட வேண்டும். ஓசூரைச் சுற்றியுள்ள எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் தங்கைகளின் கையில் இருப்பது அந்தப் போன்தான். ஒருமுறை வாங்கினால் நம்முடையதாக இருக்க வேண்டும், மாதா மாதம் கட்டக் கூடாது. நெட் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். தமிழில் இருக்க வேண்டும். பெண் ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்க முடிய வேண்டும். 1996 பதிப்பையும் கூடவே விற்க வேண்டும். விழுந்தவர் எழுந்து ஓடுவதை மட்டும் யாரும் மாற்றக் கூடாது.

கடிதம் கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. அந்த நிறுவனத்துக்கு ஹைதராபாத்திலும் அலுவலகம் உண்டு, அங்கேயும் ஒரு நகல் போகிறது. கையெழுத்துப் போட விரும்புபவர்கள் போடுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் ஊர் பிரௌசிங் சென்டரில் யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், யாரை உள்ளே விடவில்லை என்று எழுதி வையுங்கள். பழைய சிடி வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். திண்ணையையும் தேரையும் எழுத ஆள் இருக்கிறார்கள். அந்த நாற்காலியைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும்.

ஜெய்பீம்.