இரண்டு வளையங்கள்

சென்ற ஆண்டு சூலைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தில் காலை பத்து மணிக்கு எங்கள் உறவில் ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு. ஞானப்பெற்றோர் நாங்கள் இருவருமே. ஆதலால் எட்டரைக்கெல்லாம் செங்கற்பட்டை விட்டுப் புறப்பட்டுவிட வேண்டுமென்று முதல்நாளே பேசி வைத்திருந்தோம். வழக்கம்போல ஒன்பதேகால் ஆயிற்று.

வண்டி பன்னிரண்டு ஆண்டு உழைத்த சிறிய கார். வெள்ளிக்கிழமைதான் செங்கற்பட்டில் நாங்கள் வாடிக்கையாகச் செல்லும் பணிமனையில் சர்வீஸ் முடித்து வந்திருந்தது. எஞ்சின் ஆயில் புதியது, ஆயில் ஃபில்டர் புதியது. கழுவித் துடைத்த வண்டியில் ஏறும்போது ஏற்படும் அந்தச் சிறு பெருமிதத்தோடு ஏறினோம். திருக்கழுக்குன்றம் வரை குறையொன்றும் இல்லை. பூஞ்சேரியை அடையுமுன் ஒரு வளைவில், எண்ணெய்க்குடம் போன்ற அந்தச் சிவப்பு விளக்கு முகப்புப் பலகையில் ஒருகணம் மினுக்கி அணைந்தது. எங்களுள் ஒருவர் அதைப் பார்த்தோம். எவர் என்பதை இங்கே சொல்லவேண்டியதில்லை. மாமல்லபுரத்தைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் எடுத்தபோது விளக்கு மீண்டும் எரிந்தது, இம்முறை அணையவில்லை. இருவருமே பார்த்தோம். "ஆயில்தான் புதிதாக ஊற்றியிருக்கிறார்களே" என்றார் ஒருவர். "கோவளம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், பத்து நிமிடம்தானே" என்றார் மற்றவர்.

சாளுவன்குப்பத்தில், புலிக்குகைக்குத் திரும்பும் இடத்திற்கு அருகில், எஞ்சினுக்குள் யாரோ சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. அடுத்த நிமிடத்தில் வண்டி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் தார்ச்சாலையில் ஒரு கறுப்புக் கோடு. இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "ஆயில் பூரா ஊத்திக்கினு வந்திருக்கீங்களே சார்" என்றார். ஒரு ஆட்டோவைப் பிடித்துக் கோவளம் சேர்ந்தோம். பங்குத்தந்தை எங்களுக்காகக் காத்திருந்தார். ஞானப்பெற்றோர் என்ற முறையில் சாத்தானை விட்டுவிடுகிறோம் என்று கைகளில் கிரீஸ் கறையோடு வாக்களித்தோம்.

அன்று மாலை வண்டியைக் கட்டி இழுத்துத் திருக்கழுக்குன்றத்தில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் சேர்த்தோம். ஊரில் எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைக்கிறார்கள். வண்டியைச் சுற்றிவந்து பார்த்த அவர் உடனே திறக்க மறுத்துவிட்டார். "நான் இப்பவே கழட்டினா, நான்தான் கெடுத்தேன்னு சொல்லுவாங்க. சர்வீஸ் பண்ண இடத்துக்குச் சொல்லுங்க. அவங்க ஆள் முன்னாடி கழட்டறேன். படம் எடுத்து வச்சுக்குங்க" என்றார். சட்டம் படித்தவர்கள் பின்னாளில் எங்களுக்குச் சொன்ன அறிவுரைகளுள் எதுவும் இதைக் காட்டிலும் பயனுள்ளதாக இல்லை.

செவ்வாயன்று பணிமனையிலிருந்து மேற்பார்வையாளரும், அவரோடு பத்தொன்பது இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையனும் வந்தனர். வெள்ளிக்கிழமை எங்கள் வண்டிக்கு வேலை செய்தவன் அவனே. பாய் ஃபில்டரைத் திருகிக் கழற்றினார். அதன் வாயில் புதிய இரப்பர் வளையம் இருந்தது. பிறகு அவர் எஞ்சினில் ஃபில்டர் அமரும் இடத்தை விரலால் தடவி, நகத்தால் நெம்பி, இன்னொரு வளையத்தை எடுத்தார். கறுத்து, தட்டையாகி, கல்போல இறுகியிருந்தது. பழைய ஃபில்டரைக் கழற்றியபோது அதன் வளையம் மட்டும் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதைக் கவனியாமல் மேலேயே புதியதைப் பூட்டியிருக்கிறார்கள். நகருக்குள் மெதுவாக ஓடியவரை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாங்கின. வேகத்தில் எண்ணெயின் அழுத்தம் ஏறியதும் ஒன்று பிதுங்கி வழிவிட்டது. பையன் எதுவும் பேசவில்லை. அவன் முகத்திலிருந்து வியர்வை சொட்டியது. அன்று அத்துணை வெயிலும் இல்லை.

எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்பதை அன்றுவரை நாங்கள் முறையாக எண்ணிப் பார்த்ததில்லை. நிமிடத்திற்கு 2,500 சுற்று என்றால் நொடிக்கு நாற்பதுக்கு மேல். அத்தனை விரைவாகச் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் நல்ல நிலையில் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தலைமயிரினும் மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலத்தின்மீது ஒன்று மற்றொன்றில் மிதக்கிறது. பம்பு ஓயாமல் தள்ளிக்கொடுக்கும் அழுத்தத்தால் நிற்கும் படலம் அது. அழுத்தம் போனால் இரும்பு இரும்பைத் தொடும், சூடேறும், பேரிங் உருகி ஒட்டும். அந்தச் சிவப்பு விளக்கு சொல்வது எண்ணெயின் அளவை அன்று, அழுத்தத்தை. "ஆயில் குறைவாக இருக்கிறது, ஊற்றிக்கொள்ளலாம்" என்று பொருள்கொண்டு ஓட்டுவோர் எங்களைப்போல் பலர். ஓடும் வண்டியில் அது எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அடுத்த ஊர் என்பதே இல்லை.

பணிமனைக்குச் சென்றோம். அதன் உரிமையாளர் மரியாதையாகவே அமரச் செய்து காப்பி வரவழைத்தார். வழியில் கல் பட்டிருக்கலாம் என்றார். வளையங்களின் படத்தைக் காட்டியதும் அதை விட்டுவிட்டு, ஜாப் கார்டின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த வாசகத்தைக் காட்டினார்: வண்டியை ஒப்படைத்தபின் நிறுவனம் எதற்கும் பொறுப்பன்று. கடைசியாக, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்: "சார், ஆயில் விளக்கு எரிஞ்சிருக்குமே, நீங்க பாக்கலையா?"

"கவனிக்கவில்லை" என்றோம். எங்களுள் ஒருவர்தான் சொன்னார். மற்றவர் காப்பிக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் எழுதிக்கொடுத்த மதிப்பீடு 1,18,000 ரூபாய். ஓய்வூதியத்தில் வாழ்வோர்க்கு அது சிறு தொகையன்று. எனவே சட்டம் என்ன சொல்கிறது என்று தேடத் தொடங்கினோம். தேடக் கிடைத்தவை எங்களுக்கு வியப்பளித்தன. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து 2020 சூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணம் பெற்றுச் செய்த வேலையில் இருக்கவேண்டிய தரம் இல்லையெனில் அது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். நாம் குடியிருக்கும் இடத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து இலட்சத்திற்கு மேற்படாதவரை கட்டணம் கிடையாது. வழக்குரைஞர் இன்றி நாமே நின்று வாதாடலாம். இவையெல்லாம் நுகர்வோர் அனைவருக்கும் உரியவை; ஆனால் மெய்ப்பிக்கும் சுமை முறையிடுபவர் தோளில்தான். 2021-இல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் தெளிவுபடுத்தியது. குறைபாடு உண்டு என்று சொன்னால் போதாது, காட்டவேண்டும். பாய் நகத்தால் நெம்பி எடுத்த அந்தப் பழைய வளையம் இல்லாவிடில் எங்கள் கையில் வெறும் ஆத்திரம் மட்டுமே இருந்திருக்கும்.

பொடி எழுத்து வாசகத்தைப் பற்றியும் ஒரு தெளிவு பிறந்தது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், குறித்த ஒரு வேலைக்காகப் பிறர் பொருளைத் தம் கையில் பெற்றுக்கொள்பவர், இயல்பான முன்னெச்சரிக்கை உடைய ஒருவர் தம் சொந்தப் பொருளைப் பேணுமளவுக்கு அதைப் பேணவேண்டும் என்கிறது. 1998-இல் தில்லியில் தாஜ் மகால் ஓட்டலுக்கு வந்த விருந்தினர் ஒருவர் காரை நிறுத்தித்தரும் ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார்; கார் களவு போயிற்று. நிறுத்துவது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை ஓட்டல் காட்டியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2019 நவம்பரில் முடிந்தது. ஓட்டலின் சொந்தக் கவனக்குறைவுக்கு அந்தச் சீட்டு கேடயம் ஆகாது என்பது தீர்ப்பு. இருபத்தொரு ஆண்டு! அதைப் படித்தபோது மகிழ்ச்சியும் மலைப்பும் ஒருங்கே வந்தன.

இன்னொன்றும் படித்தோம். 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் மே டோனகு என்னும் எளிய பெண் தம் தோழி வாங்கித்தந்த இஞ்சிப் பானத்தைப் பருகினார். ஒளி ஊடுருவாத புட்டியின் அடியில் அழுகிய நத்தை கிடந்ததாக முறையிட்டு வழக்குத் தொடர்ந்தார். வாங்கியது தோழி, ஆகவே பானம் தயாரித்தவருக்கும் இவருக்கும் ஒப்பந்தம் ஏதும் இல்லை. 1932-இல் பிரபுக்கள் சபையில் தீர்ப்புரைத்த அட்கின் பிரபு, திருச்சட்ட அறிஞர் இயேசுவிடம் கேட்ட அதே கேள்வியை, அதாவது அடுத்திருப்பவர் எவர் என்பதை, சட்டத்தின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். நம் செயலால் நேரடியாகத் தீங்குறக்கூடும் என்று நாம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டியவரே சட்டத்தில் நமக்கு அடுத்திருப்பவர் என்று விடை கண்டார். ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் கவனக்குறைவுச் சட்டத்தின் ஆணிவேர் இன்று அதுவே. நல்ல சமாரியர் உவமை இப்படி ஒரு புட்டி வழியாக நீதிமன்றத்துக்குள் நுழைந்த கதையை எந்த மறையுரையிலும் நாங்கள் கேட்டதில்லை.

சட்ட அறிவிப்பை எழுத உட்கார்ந்தபோதுதான் தொல்லை தொடங்கியது. நண்பரான வழக்குரைஞர் ஒருவர் வரைவு அனுப்பியிருந்தார். அதன் நான்காம் பத்தி: "எவ்வித முன்னறிவிப்பும் இன்றி எஞ்சின் திடீரென நின்றது." ஒருவர், "நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். மற்றவர், "முன்னறிவிப்பு இருந்ததே" என்றார். தவறு செய்தது அவர்கள், பொடி எழுத்தில் ஒளிந்துகொள்வதும் அவர்கள், நாம் மட்டும் ஏன் நம்மையே காட்டிக்கொடுக்க வேண்டும் என்றொரு வாதம். விளக்கு எரிந்தது எங்கள் இருவரைத் தவிர எவருக்கும் தெரியாது. அந்த வாரம் எங்கள் வீட்டில் சமையலறையிலிருந்து கூடத்துக்குச் சொற்கள் மிகக் குறைவாகவே சென்றன. ஆணையத்துக்குப் போனால் இதே வாசகத்தைச் சத்தியப் பிரமாணத்தோடு கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்பதை நினைத்தபோது, எங்களுக்குக் கோவளத்தில் கிரீஸ் கைகளோடு தந்த வாக்கு நினைவுக்கு வந்து தொலைத்தது.

இறுதியில் பாயிடமே சென்றோம். "விளக்கு எரிந்தும் ஒருவர் நிறுத்தாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால்..." என்று தொடங்கினோம். அவர் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். யார் அந்த ஒருவர் என்று கேட்கவில்லை. மதிப்பீட்டுத் தாளை வாங்கி நடுவில் ஒரு கோடு கிழித்தார். விளக்கு நிலையாக எரிந்ததும் நிறுத்தியிருந்தாலும் பேரிங், கேஸ்கெட், ஆயில், கழற்றிப் பூட்டும் கூலி, இழுத்து வந்த செலவு ஆகியவை வந்தேதான் இருக்கும், அது 46,000. கிராங்க் ஷாஃப்ட்டை லேத்தில் கொடுத்துச் சீர்செய்வதும், கனெக்டிங் ராடும், ஒரு பிஸ்டனும் அந்த ஐந்து கிலோமீட்டரின் கணக்கு, அது 72,000. "முதல் மினுக்கலிலேயே நிறுத்தியிருந்தா?" என்று கேட்டோம். "அதை ஏன் இப்ப கேக்கறீங்க" என்றார்.

நான்காம் பத்தியை மாற்றி எழுதினோம். விளக்கு எரிந்ததையும், நாங்கள் நிறுத்தாததையும், முன்பு நேரில் கேட்டபோது கவனிக்கவில்லை என்று சொன்னது சரியன்று என்பதையும் சேர்த்தோம். வழக்குரைஞர் நண்பர் தொலைபேசியில் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க கேஸை நீங்களே பாதி தோத்துட்டீங்க" என்றார். பதிவஞ்சலில் அனுப்பினோம்.

பதினைந்து நாளில் பணிமனை உரிமையாளரே அழைத்தார். நான்காம் பத்தியில் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். எங்கள் நேர்மையைக் கண்டு அவர் உருகிவிடவில்லை. வியாபாரி கையில் கிடைத்த பிடியை எப்படிப் பயன்படுத்துவாரோ அப்படியே பயன்படுத்தினார். இரண்டு மணி நேரப் பேச்சுக்குப்பின் முதற்பகுதி முழுவதையும், இரண்டாம் பகுதியில் பாதியையும் தர இசைந்தார். ஆக 82,000 ரூபாய், மூன்று தவணைகளில். 36,000 எங்கள் தலையில் விழுந்தது. வளையத்தை விட்டது அவர்கள் ஆளாயிருக்க, ஓட்டியதற்கு இவ்வளவு விலையா என்ற எரிச்சல் இன்னும் முற்றாகத் தீரவில்லை. தீர்ந்ததாக எழுதினால் நான்காம் பத்தியை மாற்றியதில் பொருளில்லை.

கையெழுத்திடுமுன் ஒன்று கேட்டோம்: அந்தப் பையனின் சம்பளத்தில் இதைப் பிடிக்கக்கூடாது. ஒரே நாளில் ஒன்பது வண்டிகளுக்கு ஆயில் மாற்றும் வேலையை ஒரே ஆளிடம் விட்டதும், முடித்தபின் எஞ்சினை ஓடவிட்டுக் கீழே குனிந்து பார்க்கும் ஒரு நிமிடத்தை மிச்சம்பிடித்ததும் அவன் அல்லவே. "அதெல்லாம் பாத்துக்கறேன் சார்" என்றார் உரிமையாளர். அதை எழுத்தில் தரச் சொல்ல எங்களுக்கு நாவெழவில்லை.

மூன்றாம் தவணையை வாங்கச் சென்றபோது பையனைக் காணோம். கேட்டோம். கல்பாக்கம் பக்கம் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்றார் மேற்பார்வையாளர். ஊருக்குப் போய்விட்டான் என்றார் வாயிற்காவலர். பணத்தை எண்ணிப் பெற்றுக்கொண்டோம். வெளியே வந்து, இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டபடி, பானட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி இட்டுப் பார்த்தோம். பிறகு சாவியைத் திருப்பி, சிவப்பு விளக்கு எரிந்து அணையும்வரை இருவரும் காத்திருந்துவிட்டுப் புறப்பட்டோம்.