வெயிலைச் செய்கிறவர் யார்?

ஸ்பானிய பாஷையைப் புஸ்தகம் வைத்துக்கொண்டு தானே கற்கிறவன், சில பாடங்களுக்குள் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறான். உஷ்ணமாக இருக்கிறது என்பதை அவர்கள் 'ஆஸே கலோர்' என்கிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால், 'உஷ்ணம் செய்கிறது'. குளிரையும் செய்கிறது, காற்றையும் செய்கிறது. எது செய்கிறது? வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. நம் பாஷையிலோ வெயில் தானே அடிக்கிறது, மழை தானே பெய்கிறது. திட்டுவதற்கு ஆள் இருக்கிறது!

உடம்பு விஷயத்தில் இன்னும் வேடிக்கை. நாம் 'எனக்குக் குளிர்கிறது' என்போம். அவர்கள் 'தெங்கோ ஃப்ரீயோ', அதாவது 'குளிரை வைத்திருக்கிறேன்' என்கிறார்கள், மடியில் சில்லறை வைத்திருப்பதுபோல. 'தியெம்போ' என்ற ஒரே சொல் பொழுதுக்கும் ஆகும், வானிலைக்கும் ஆகும். இது மட்டும் எனக்கு அந்நியமாகப் படவில்லை. மழைக்காலம், பனிக்காலம் என்கிறவர்கள்தானே நாம்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'கரூவா'. பெரு நாட்டுத் தலைநகரான லீமாவில், கடலோரக் குளிர்ந்த நீரோட்டத்தால் மேகம் கவிந்து நிற்குமே தவிர மழையாக இறங்காது. வருஷம் முழுவதும் சேர்த்தாலும் ஓர் அங்குலம் தேறுவது அரிது. குளிர்காலத்தில் சட்டையை லேசாக ஈரமாக்கிவிட்டுப் போகும் பொடித்தூறலுக்குத்தான் இந்தப் பெயர். குற்றாலத்துச் சாரலுக்குத் தம்பி எனலாம். ஆனால் சாரலுக்குப் பின்னால் அருவி இருக்கிறது. கரூவாவுக்குப் பின்னால் பாலைவனம்.

அதே கரையில் பிறந்த இன்னொரு சொல், நம் பத்திரிகைகள் எழுதுகிற 'எல் நினோ'. 'நினோ' என்றால் குழந்தை. இங்கே குழந்தை ஏசு. கிறிஸ்துமஸை ஒட்டிக் கடல்நீர் வெதுவெதுப்பாவதைக் கண்டு மீனவர்கள் இட்ட பெயர். சில வருஷங்களில் அந்த வெப்பம் அளவு மீறிவிடும். மீன் அகப்படாது, பாலைவனத்தில் வெள்ளம் புரளும்.

1877-78இல் அது மிகக் கடுமையாக வந்தது. சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்ட தாது வருஷப் பஞ்சமும் 1876-78இல்தான். மழை பொய்த்ததற்கும் அந்தத் தூரத்துக் கடலுக்கும் தொடர்பு உண்டென்று பிற்கால வானிலை அறிஞர்கள் கண்டார்கள். பசித்தவர்கள் பார்த்திருக்கத் தானியம் கப்பலேறிப் போனதற்குக் கடல் பொறுப்பல்ல. அந்த வாக்கியத்துக்கு எழுவாய் உண்டு.

என் பாடப் புஸ்தகத்தில் 'நினோ' வானிலைப் பகுதியில் இல்லை. குடும்பம் என்ற பகுதியில், அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாக இருக்கிறது.