'இல்லை' என்று எழுத இடமில்லை

2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் என்று செய்தி வந்தது. முந்தைய ஆண்டு 1,031. அந்த எண்களைவிட, வரையாடு எங்கெங்கே வாழக்கூடும் என்று கணினியில் படம் போடுகிறவர்களைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. நண்பர் ஒருவர் ஆய்வு மாணவி ஒருவரிடம் சொல்லிவைக்க, அவர் குழுவோடு நீலகிரியின் முக்கூர்த்தி மலைக்குப் போனேன்.

முதல் நாள் மழை. முகாமிலேயே மாணவி லேப்டாப்பைத் திறந்து காட்டினார். வரையாட்டைக் கண்ட புள்ளிகளைக் கொடுக்க வேண்டும். உயரம், சரிவு, மழை, வெப்பம் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் கொடுக்க வேண்டும். 'மேக்ஸ்என்ட்' என்ற மென்பொருள், கண்ட இடங்களுக்குள் இருக்கும் பொதுத்தன்மையைப் பிடித்து, மலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 1 வரை மதிப்புப் போடும். 2006இல் அதை விளக்கிய கட்டுரை வந்ததிலிருந்து உலகம் முழுக்கப் புழங்குகிறது. இடையில் இருக்கும் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபட்டது வேறொன்று. ஆடு இருக்கும் இடம் மட்டும் தெரிந்தால் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடங்களும் வேண்டும். ஆடு இல்லாத இடங்களின் பட்டியல் யாரிடமும் கிடையாது. அதனால் மென்பொருள் மலை முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொள்கிறது. இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் பனிமூட்டம் விலகியதும் நடந்தோம். முன்னால் போனவர் வேட்டைத் தடுப்புக் காவலர், ஐம்பது தாண்டியவர். கேரளப் பக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை விளிம்பில் உட்கார்ந்ததும், மாணவி தான் அச்சிட்ட மேப்பை விரித்தார். சிவப்பு என்றால் ஆட்டுக்கு ஏற்ற இடம். காவலர் ஒரு சிவப்புத் திட்டில் விரலை வைத்தார்.

"இங்க நிக்காது பாப்பா."

"உயரம், சரிவு எல்லாம் சரியாத்தானே இருக்கு அண்ணா?"

"சீகை ஏறிருச்சு. புல்லு ஏது? எங்கப்பா நட்ட மரம்."

தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று புல்வெளிகளில் சீகையை நட்ட காலம் ஒன்று இருந்தது. அவர் அப்பா அதில் கூலி. சிறுவனாக நாற்றுக்கூடை சுமந்து பின்னாலேயே போயிருக்கிறார். எந்தச் சரிவில் எந்த வருடம் நட்டார்கள், அது எங்கே தானாகப் பரவியது, அடியில் புல் எப்போது செத்தது என்று வரிசையாகச் சொன்னார். மாணவியிடம் இருந்த தட்பவெப்பத் தகவல் ஒரு கிலோமீட்டர்க் கட்டங்களால் ஆனது. பாறையும் சதுப்பும் சீகைக்காடும் அதில் ஒரே நிறம்.

பிறகு வெளிறிக் கிடந்த ஒரு மூலையைத் தொட்டார். "இங்க கிடா நிக்கும். நீங்க யாரும் போனதில்ல, அதான் வெளுத்திருக்கு." கண்ட புள்ளிகள் பெரும்பாலும் பாதையோரத்திலேயே விழுகின்றன. மனிதன் நடந்த தடத்தைத்தான் மென்பொருள் ஆட்டின் வீடு என்று கற்றுக்கொள்கிறது. அதைத் திருத்தவும் வழிகள் உண்டு என்றார் மாணவி. எனக்கு எதிரிலேயே ஒரு வழி உட்கார்ந்திருந்தது.

காவலர் இருபத்தெட்டு வருடங்களாக இந்த மலையில் சுருக்குக் கம்பி தேடி அறுக்கிறார். இன்றும் தினக்கூலி. கூலியும் நேராக வருவதில்லை. இடையில் ஓர் ஏஜென்சி. மூன்று மாதம் தள்ளி வரும், பிடித்தம் போக வரும், கேட்டால் ஆளை மாற்றிவிடுவோம் என்பார்கள். மேப்பில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் இவரைப் போன்றவர்களின் முழங்கால் தேய்ந்து வந்தது. புள்ளியைத் தொடாதவனுக்குப் பங்கு எதற்கு? காட்டைக் காப்பதாகச் சொல்லி ஒதுக்கும் பணம், காட்டுக்குள் நடப்பவன் கைக்கு நேராகப் போக வேண்டும். இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இறங்கும்போது அவருடைய பதிவுத்தாளைக் கேட்டு வாங்கினேன். நேரம், இடம், எத்தனை, குட்டி உண்டா. பார்த்ததை எழுத மட்டுமே கட்டங்கள். நாள் முழுக்க நடந்து எதையும் பார்க்காவிட்டால் தாள் வெறுமையாகத்தான் போகுமாம்.

அன்று இரவு மாணவி ஒரு வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்து ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டார். தலைப்பு: 'போனோம், இல்லை'. காவலர் அடுப்பருகே உட்கார்ந்து சரிவு சரிவாகச் சொல்லத் தொடங்கினார். தாள் நிறைந்து, அவர் பின்பக்கத்தைத் திருப்பியபோது நான் தூங்கப் போனேன். வெகுநேரம் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.